மினுக்கி பிறக்கும்வரை ஃபேன் போடக்கூடாது

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி அவர்கள் சமுகத்துக்கு,

உங்கள் மருமகளைப் பெற்றவன் இரு கை கூப்பி எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் உங்கள் மருமகளும் சுகம். அங்கே நீங்களும், சம்பந்தியம்மாவும், சம்பந்தியம்மாவின் முழங்காலும், கடையிலுள்ள பூட்டுகளும் சாவிகளும் சுகமாக இருக்க வேண்டும். மாப்பிள்ளையின் கை எப்படி இருக்கிறது? வலது கை. மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே.

அந்தக் கையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீங்கள் போனில் சொன்னதை என் வீட்டுக்காரி ஒரு சொல் சிந்தாமல் என்னிடம் கொண்டுவந்து சேர்த்தாள். “மாமனார் என் பையனைக் கை நீட்டி அடிச்சாராமே? அதுக்கு ஒரு விளக்கம் வரட்டும். அப்புறம் மருமக வரட்டும்.” நியாயமான பேச்சு. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இன்னும் இரண்டு வார்த்தை கூடவே சொல்லியிருப்பேன். உங்கள் மருமகள் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு, நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் உங்கள் வீடு போய்ச் சேருவது இந்தப் பேனா நகருவதைப் பொறுத்திருக்கிறது.

போனிலேயே சொல்லித் தொலைக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். போனில் பேசினால் நடுவில் நீங்களும் பேசுவீர்கள். கடிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை. அதோடு, தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு நடக்கும் மாலை வகுப்பில் சேர்ந்து நான் எழுதக் கற்றுக்கொண்ட பிறகு எழுதும் முதல் கடிதம் இது. கோணல் வரக்கூடாது என்பதற்காகத் தாளின் குறுக்கே நூல் பிடித்து எழுதுகிறேன். ஒரு வரி முடிந்ததும் நூலை இறக்க வேண்டும். ஆகையால் மெதுவாகத்தான் வரும். நீங்களும் மெதுவாகவே படியுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். விஷயம் ஒரு குளவி.

எங்கள் முன்னறை உங்கள் மகன் வந்தால் தங்குவதற்கென்றே ஒதுக்கிய அறை. கல்யாணம் முடிந்த கையோடு நானே வெள்ளையடித்து, புது மெத்தை வாங்கிப் போட்டு, யாரும் அழுக்காக்கிவிடக் கூடாது என்று கதவைச் சாத்தி வைத்தோம். கதவைத்தான் சாத்தினோம், ஜன்னலை மறந்துவிட்டோம். மாப்பிள்ளைக்கு முன்னால் குளவி குடிவந்துவிட்டது. ஃபேனின் இறக்கை மோட்டாரோடு சேருகிற இடத்தில் கூடு கட்டத் தொடங்கியது. நான் மெத்தையில் மல்லாந்து படுத்துக்கொண்டு வேலையை மேற்பார்வை பார்த்தேன். இடுப்பு என்று ஒன்று இருக்கிறதா என்று சந்தேகப்படும்படியான இடுப்பு, வயிற்றை நூலில் கட்டித் தொங்கவிட்டது போல. எங்கிருந்தோ வயிற்றில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்து, மண்ணைக் குழைத்து, பட்டாணி அளவு உருட்டி, வாயில் கவ்விக்கொண்டு வந்து வளையம் வளையமாக ஏற்றி, கழுத்து வைத்த சின்னச் சட்டி ஒன்று செய்தது. சித்தாள் கிடையாது, சாரம் கிடையாது, டீ கேட்பதில்லை, சாயங்காலம் ஆனதும் கை கால் கழுவிக்கொண்டு கிளம்பவும் இல்லை. ஆயுள் முழுக்கச் சுவர் கட்டியவன் சொல்கிறேன், அப்படியொரு பதத்தில் மண் குழைக்கும் ஆளை நான் வேலைக்கு வைத்ததே இல்லை. அதற்குக் கொத்தனாரம்மா என்று பெயர் வைத்தேன்.

சட்டி காய்ந்ததும் கொத்தனாரம்மா பச்சைப் புழுக்களாகப் பிடித்துக்கொண்டு வந்து திணித்து, வாயை மண்ணால் அடைத்து, பக்கத்திலேயே அடுத்த சட்டியைத் தொடங்கியது. எனக்கு ஆச்சரியமில்லை. நீங்களும் கேட்டிருப்பீர்களே, குளவி புழுவைக் கூட்டில் அடைத்துக் கொட்டிக் கொட்டித் தன்னைப் போலவே குளவியாக்கிவிடும் என்று. என் அப்பா என்னை அடிக்கும்போதெல்லாம் இதைச் சொல்லிவிட்டுத்தான் அடிப்பார். “கொட்டக் கொட்டத்தான்டா புழு குளவியாகும்!” கடைசியில் நானும் அவரைப் போலவே கொத்தனாராகத்தான் ஆனேன். ஆகவே அந்தப் பேச்சு உண்மை என்றே இத்தனை காலம் இருந்துவிட்டேன்.

இந்த நேரத்தில்தான் என் வீட்டுக்காரியின் கம்மலிலிருந்து பச்சைக் கல் ஒன்று விழுந்து காணாமல் போனது. அவளுடைய அம்மா போட்ட கம்மல். வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடினாள். என் சட்டைப் பையில் தேடினாள், என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்காததுதான் பாக்கி. பிறகு ஒரு நாள் முன்னறையைப் பெருக்கப் போனவள், “கிடைச்சிருச்சுங்க!” என்று கத்திக்கொண்டு வந்தாள். மெத்தை மேல் கிடந்ததாம். உள்ளங்கையில் பார்த்தேன். உருண்டையாக, பச்சையாக, தகதகவென்று. இழந்த கல்லைவிடப் பெரிதாகத்தான் இருந்தது. கிடைத்த பொருள் பெரிதாக இருக்கிறதென்று யாராவது குறை சொல்வார்களா? தாளில் மடித்து, இருவருமாக நகைக்கடைக்குப் போனோம். கடைக்காரர் கண்ணில் கண்ணாடிக் குமிழை வைத்துக்கொண்டு, இடுக்கியால் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது உங்க கல்லுதானாம்மா?”

“என் கல்லு எனக்குத் தெரியாதா? எங்க அம்மா போட்டதுங்க.”

“உங்க அம்மா போட்டப்ப இதுக்கு மீசை இருந்துச்சா?”

நாங்கள் எட்டிப் பார்த்தோம். கல் மெல்ல விரிந்தது. முதலில் மீசை இரண்டு. பிறகு கால்கள். பிறகு ஒரு முகம். இடுக்கியின் நுனியில் ஏறி நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, வாசல் வழியாகப் பறந்து போனது. கடைக்காரர், “உங்க கல்லு வீட்டுக்குப் போயிருச்சும்மா,” என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் என் வீட்டுக்காரி கல் போன துக்கத்தில் வந்தாள். நான் அந்தப் பூச்சி போன துக்கத்தில் வந்தேன்.

சம்பந்தி, அதன் நிறத்தை எழுத நான் இன்னும் கொஞ்சம் படித்திருக்க வேண்டும். பச்சை என்றால் இலைப் பச்சை இல்லை. மழைத் தண்ணீரில் பெட்ரோல் சிந்தினால் ஒரு நிறம் ஓடுமே, அதைப் பிடித்து உருக்கி வார்த்தது போல. கொஞ்சம் திரும்பினால் நீலம். இன்னும் கொஞ்சம் திரும்பினால் மயில் கழுத்து. உடம்பு முழுக்க ஊசியால் குத்தியது போலச் சின்னச் சின்னக் குழி, ஒவ்வொரு குழிக்குள்ளும் ஒரு வெளிச்சம். நான் சொரசொரப்பாகப் பூசிய சுவரெல்லாம் சாம்பல் நிறத்தில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும். சொரசொரப்பில் இப்படி ஒரு பளபளப்பு வரும் என்று எந்த மேஸ்திரியும் எனக்குச் சொல்லவில்லை. அதற்கு மினுக்கி என்று பெயர் வைத்தேன்.

மறுநாளே ஜன்னல் வழியாக ஒரு மினுக்கி வந்தது. அதேதானா, அக்கா தங்கையா, நான் கேட்கவில்லை. ஃபேன் இறக்கையின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு கொத்தனாரம்மாவின் போக்குவரத்தை நோட்டம் பார்த்தது. கொத்தனாரம்மா வெளியே போனதும் கூட்டை மீசையால் தட்டிப் பார்த்தது. அதற்குள் கொத்தனாரம்மா திரும்பிவிட்டது. பிடித்ததே ஒரு பிடி! கடித்து, உருட்டி, கொடுக்கை வைத்து இங்கே குத்தி, அங்கே குத்தி, ஒன்றும் இறங்கவில்லை. மினுக்கியின் அடிவயிறு கரண்டி போலக் குழிந்திருக்கிறது. தலையையும் காலையும் அந்தக் குழிக்குள் ஒடுக்கிக்கொண்டு, பெட்டியை மூடுவது போல மூடிக்கொண்டுவிட்டது. எந்தப் பக்கம் குத்தினாலும் கவசம், வழுக்கல். கடைசியில் கொத்தனாரம்மா சலித்துப்போய் அந்த உருண்டையைத் தூக்கி மெத்தையில் போட்டது. டொக். என் காதுக்குப் பக்கத்தில். என் வீட்டுக்காரியின் கல் எங்கிருந்து விழுந்தது என்று அப்போதுதான் விளங்கியது. கொஞ்ச நேரம் கழித்து மினுக்கி விரிந்தது, முகத்தைத் துடைத்தது, ஒன்றுமே நடக்காதது போல மேலே பறந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்தது. ரோஷம் மருந்துக்கும் கிடையாது. மனிதர்கள் ஒரு சொல் பொறுக்காமல் பஸ் ஏறிவிடுகிறார்கள். நான் யாரையும் குறிப்பிட்டு எழுதவில்லை.

பிறகு நடந்ததுதான் அதிசயம்! கொத்தனாரம்மா மண்ணுக்குப் போன நேரத்தில், மினுக்கி நேராகக் கடைசிச் சட்டிக்குப் போனது. வாயிலிருந்து ஈரம் விட்டுச் சுவரை நனைத்தது. ஊறட்டும் என்று பொறுத்தது. பிறகு வாயால் சுரண்டிச் சுரண்டி ஓட்டை போட்டது. திரும்பி நின்று, வாலிலிருந்து தொலைநோக்கிக் குழாய் நீளுவது போல ஒரு குழலை நீட்டி உள்ளே விட்டு, ஆடாமல் அசையாமல் நின்றது. முட்டை வைக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. வைத்தாயிற்று, ஓடிவிடும் என்று பார்த்தால் ஓடவில்லை. சுரண்டிப் போட்ட மண்ணையே குழைத்து எடுத்து, அந்த ஓட்டையை அடைத்து, மேலே ஒரு பூச்சும் பூசி, தள்ளி நின்று சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனது!

நான் மெத்தையில் எழுந்து நின்றுவிட்டேன். சுவரில் கன்னம் வைத்த திருடனைக் கேள்விப்பட்டிருக்கிறேன். கன்னம் வைத்த இடத்தைப் பூசிக் கொடுத்துவிட்டுப் போன திருடனை உலகத்தில் யார் கண்டார்கள்? நீங்களே சொல்லுங்கள், பூட்டை உடைத்துத் திறந்தவன், போகும்போது புதுப் பூட்டு மாட்டிவிட்டுப் போவானா? பூட்டுத் தொழிலையும் திருட்டுத் தொழிலையும் ஒப்பிடுகிறேன் என்று எண்ண வேண்டாம். கருவி ஒன்றுதான் என்றாலும் நீங்கள் வேறு, அவர்கள் வேறு.

அன்று மாலை வகுப்பில் நான் இதை எல்லோருக்கும் நடித்தே காட்டினேன். டீச்சர் கரும்பலகையில் எழுதியதை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஐயா, இது புத்தகத்துலயே இருக்குங்க,” என்று சொல்லி, நூலகத்திலிருந்து ஒரு பூச்சிப் புத்தகம் எடுத்துக் கொடுத்தார். ஒரு பக்கம்தான். அதை முடிக்க எனக்குப் பல நாள் ஆனது. விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, மூச்சு வாங்கி, மறுபடி முதலிலிருந்து. ‘குழிந்த அடிவயிறு’ என்ற இடம் வந்தபோது நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். நான் என் வீட்டு மெத்தையில் படுத்துக்கொண்டு பார்த்ததை, முன்பின் தெரியாத ஒருவர் எங்கோ உட்கார்ந்து பார்த்து, அப்படியே எழுதி வைத்திருக்கிறார். ‘ஆமாம், நானும் பார்த்தேன்!’ என்று அவரிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. புத்தகத்துக்குப் பதில் சொல்ல வழியில்லை. ஆகையால் உங்களிடம் சொல்கிறேன்.

அந்தப் பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. புழு ஒருநாளும் குளவியாவதில்லையாம். ஓடிவிடாமலிருக்கத்தான் கொட்டுகிறதாம். சட்டியின் உச்சியிலிருந்து மெல்லிய நூலில் பல்பு தொங்குவது போலக் குளவியின் முட்டை தொங்குமாம், அதிலிருந்து வருகிற குட்டிக்கு அந்தப் புழுக்கள் சாப்பாடு, அவ்வளவுதான். அப்பா என்னை அடித்ததெல்லாம் வீண். அவர் இருந்தால் புத்தகத்தைக் காட்டியிருப்பேன். அவருக்கும் படிக்கத் தெரியாது.

மினுக்கி பூசிவிட்டுப் போன சட்டியில் என்ன ஆகும் என்றும் போட்டிருந்தது. கொத்தனாரம்மாவின் குட்டி புழுக்களைத் தின்று கொழுத்து முடித்ததும் மினுக்கியின் குட்டி அந்தக் குட்டியையே தின்று, அந்த வீட்டிலேயே தூங்கி, ஒருநாள் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வரும். மற்றச் சட்டிகளிலிருந்து குளவிகள் ஒவ்வொன்றாக வெளியேறிவிட்டன. கடைசிச் சட்டி மட்டும் மூடியே இருந்தது. உள்ளே மினுக்கியின் பிள்ளை! அது வெளியே வருவதைப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது என்று ஆகிவிட்டது. ஃபேனைப் போட்டால் கூடு பிய்த்துக்கொண்டு சுவரில் போய் அடிக்கும். அதனால் சுவிட்சின் மேல் ஒட்டு நாடாவை ஒட்டி, ‘ஃபேன் போடக்கூடாது’ என்று என் கையாலேயே எழுதி மாட்டினேன்.

இந்த நேரம் பார்த்துத்தான் மாப்பிள்ளை என் மகளோடு வந்தார்.

நல்ல வெயில். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறார், சட்டையைப் பிழிந்தால் ஒரு குவளை நிரம்பும். சாப்பாடு நன்றாகத்தான் நடந்தது. பிறகு முன்னறையில் படுக்கப் போனார். ஒட்டு நாடாவுக்கும் வெயில் தாங்கவில்லை, என் எழுத்தோடு சேர்ந்து உரிந்து கட்டிலுக்கு அடியில் விழுந்து கிடந்திருக்கிறது. அவர் சுவிட்சுக்குக் கையை நீட்டினார். நான் தலையணை கொடுக்க உள்ளே நுழைந்தேன். பார்த்தேன். என் கை தானாகப் போய்விட்டது, சம்பந்தி. பட்டென்று ஓர் அடி. செங்கல் பிடித்த கை, கொஞ்சம் அழுத்தமாகவே விழுந்துவிட்டது.

“என்ன மாமா!”

“ஃபேன் போடக்கூடாது மாப்பிள்ளை. உள்ள குழந்தை தூங்குது.”

அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற என் மகளைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள்.

“எந்தக் குழந்தை?”

“குளவிக் குழந்தை. குளவிக் குழந்தைகூட இல்ல, குளவிக் குழந்தையைத் தின்ன குழந்தை.”

இதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்கு அப்போது வரவில்லை. அவரைப் படுக்க வைத்து, ஓர் அட்டையை எடுத்து நானே விசிறினேன். இதை நீங்கள் கவனிக்க வேண்டும். அடித்த அதே கையால் விசிறினேன். விசிறிக்கொண்டே மினுக்கியின் கதையை ஆதியிலிருந்து சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஓட்டையை மறுபடி பூசிய கட்டம் வந்ததும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை, அட்டையின் விளிம்பு அவர் மூக்கில் பட்டுவிட்டது. வேண்டுமென்று இல்லை. அவர் எழுந்தார். போய்த் துடைப்பத்தை எடுத்துவந்தார். முக்காலியைப் போட்டு ஏறினார். நான் அவருடைய இரண்டு காலையும் கட்டிக்கொண்டேன். மாமனார் மாப்பிள்ளை காலைப் பிடிப்பதில் எனக்கு வெட்கம் இல்லை, ஆனால் முக்காலிக்குச் சம்மதமில்லை. அது சரிந்தது. அவரும் நானும் துடைப்பமும் புது மெத்தையில் விழுந்தோம். அந்த நேரம் என் வீட்டுக்காரி காபியோடு உள்ளே வந்தாள். நாங்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு கிடப்பதைப் பார்த்து, அவள் முகம் மலர்ந்துவிட்டது.

“சமாதானம் ஆயிட்டீங்களா?” என்றாள்.

மாப்பிள்ளை காபியைத் தொடவில்லை. “ஒரு பூச்சிக்கு இருக்கிற மரியாதை இந்த வீட்டுல எனக்கு இல்ல, மாமா,” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். என் மகளிடம், “வர்றியா, இல்லையா?” என்றார். அவள், “வெயில் தாழட்டும், சேர்ந்து போலாம்,” என்றாள். அதற்குள் அவர் தெருமுனையில். அவள் என் பக்கம் திரும்பி, “அவருக்குப் பொறுமை இல்ல, உங்களுக்குப் புத்தி இல்ல. நான் யார் பக்கம்தாம்ப்பா நிக்கிறது?” என்றாள்.  மறுநாள் காலை அவள் கிளம்ப இருந்தபோதுதான் உங்கள் போன் வந்தது.

விழுகிற வேகத்தில் துடைப்பம் உரசியதில் கடைசிச் சட்டியின் மேல்பூச்சு பெயர்ந்து, சுவர் மெலிந்துவிட்டிருந்தது. விட்டுவிட முடியுமா? கொஞ்சம் மண்ணைச் சலித்துக் குழைத்து, சின்னக் குச்சியால் பூசிவிட்டேன். ஆக, அந்தச் சுவரில் கொத்தனாரம்மா ஒரு கை, மினுக்கி ஒரு கை, நான் ஒரு கை, மூன்று பேர் வேலை பார்த்திருக்கிறோம். என் வேலைதான் நேர்த்தி என்று நினைத்துக்கொண்டேன்.

இது வரையில் எழுதிவிட்டு நூலை இறக்கும்போது உங்கள் மருமகள் முன்னறையிலிருந்து கத்தினாள்: “அப்பா! உள்ள ஏதோ சுரண்டுது!”

பேனாவை மூடாமலே ஓடினேன். (மை கொட்டியிருப்பது அதனால்தான்.) முக்காலியில் ஏறிக் காதை வைத்தேன். உண்மைதான், சம்பந்தி! கர்ர், கர்ர், கர்ர். பிள்ளை வெளியே வரப் பார்க்கிறது! நானும் என் மகளும் அப்படியே நின்றோம். சுரண்டல் கேட்கிறது, சுவர் அசையவில்லை. நின்றது. மறுபடி சுரண்டியது. மறுபடி நின்றது. இந்த முறை நீண்ட நேரம் சத்தமே இல்லை. அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. மண் குழைத்தேன் என்று எழுதினேன் அல்லவா? பழக்கதோஷம். அதில் ஒரு சிட்டிகை சிமென்ட் போட்டிருந்தேன்.

“சிமென்ட்டா!” என்றாள் மகள். “பூச்சி வீட்டுக்கு யாருப்பா சிமென்ட் போடுவாங்க?”

“உறுதியா இருக்கட்டுமேன்னுதான்...”

மண்ணாக இருந்தால் அது எச்சிலால் நனைத்து உடைத்திருக்கும். சிமென்ட் எந்த எச்சிலுக்கு இளகும்? உங்கள் மகனைப் பகைத்துக்கொண்டு, உங்களைப் பகைத்துக்கொண்டு, இந்த வெயிலில் வேர்த்து வடிந்து, யாருக்காக இவ்வளவும் செய்தேனோ அதை நானே உயிரோடு வைத்துப் பூசிவிட்டேன்.  மகள் என்னைக் கீழே இறக்கிவிட்டுத் தானே ஏறினாள். அம்மாவின் ஊக்கை வாங்கி, நான் கீழேயிருந்து, “ஓரத்துல, ஓரத்துல... குத்தாத, செதுக்கு... அது உன் வேலை இல்ல, வழி மட்டும் காட்டு, மீதியை அது பார்த்துக்கும்,” என்று சொல்லச் சொல்ல, தூள் தூளாக உதிர்த்தாள். என் வீட்டுக்காரி முக்காலியைப் பிடித்துக்கொண்டாள். சிமென்ட் பெயர்ந்தது. மண் தெரிந்தது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

கர்ர்.

உள்ளேயிருந்து ஒரு புள்ளி ஈரம் சுவரில் பரவியது. புள்ளி ஓட்டையானது. ஓட்டையில் ஒரு மீசை. இன்னொரு மீசை. பிறகு பச்சை, சம்பந்தி, பச்சை! ஒரு தலை, அதில் நீலம் ஓடுகிறது. நெருக்கிக்கொண்டு, திருகிக்கொண்டு, முழுசாக வெளியே வந்து, மண் தூசியோடு என் மகளின் விரல் மேலேயே ஏறி நின்றது. அத்தனை நாள் இருட்டில், அழுக்கு மண்ணுக்குள், இந்தப் பளபளப்பை எங்கே வைத்திருந்தது? யாரும் தேய்த்துவிடவில்லை, மெருகு போடவில்லை. ஒரு காலால் முகத்தைத் துடைத்தது, இறக்கையை ஒரு தடவை உதறியது, ஜன்னல் வெளிச்சத்தில் தீக்குச்சி கிழித்தது போல ஒரு மினுக்கல். போய்விட்டது.

என் மகள் அந்த விரலை மடக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு சிரித்தாள். இத்தனை நாளில் அவள் சிரித்தது இப்போதுதான். பிறகு சிரிப்பு நின்றது. “இதை அவருக்குக் காட்டியிருக்கணும்ப்பா,” என்றாள். “ஒரு வார்த்தை பொறுமையா சொல்லி, பக்கத்துல படுக்க வெச்சுக் காட்டியிருந்தா, அவரும் பார்த்திருப்பாரு. அடிச்சிட்டீங்களே.”

நான் திரும்பி வந்து பேனாவை எடுத்தேன்.

கொத்தனாரம்மாவை நினைத்தாலும் பாவமாகத்தான் இருக்கிறது. தன் வீட்டில் வளர்ந்தது யார் பிள்ளை என்று அதற்குக் கடைசிவரை தெரியாது. ஆனால் ஒருவர் கட்டிய வீட்டில் இன்னொருவர் பிள்ளையைக் கொண்டுபோய் வைப்பது உலகத்தில் புதிதில்லை. நானும் என் மகளை உங்கள் வீட்டில்... என்று எழுதும்போது என் வீட்டுக்காரி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, “அய்யய்யோ, அதை அடிங்க!” என்கிறாள். எழுதத்தான் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அடிப்பது எப்படி என்று இன்னும் வரவில்லை. மேற்படி வரியை நீங்கள் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

ஆக, விளக்கம் இதுதான். ஃபேனுக்கு மாப்பிள்ளை கை போனது, ஓர் உயிர் போய்விடுமே என்று என் கை போனது. அவரை இழிவாக நினைத்து இல்லை. அவர் இடத்தில் நீங்களே வந்திருந்தாலும் அடித்திருப்பேன். இதை மரியாதையாகத்தான் சொல்கிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம். மாப்பிள்ளைக்கு எங்கள் இருவரின் ஆசீர்வாதம். உங்கள் பூட்டுகள் எல்லாம் சரியான சாவிக்கே திறக்கட்டும். நீங்கள் பூட்டிய வீட்டில் எந்தக் குறையும் நுழையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
நூல் பிடித்து எழுதியபடியே உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
சம்பந்தி

பி.கு.: கையெழுத்துப் போட்ட பிறகு நடந்ததை எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும். மினுக்கியின் பிள்ளை போய்விட்டது, கூடு காலி, இனி யாருக்கும் பயமில்லை என்று முன்னறைக்குப் போய் நானே சுவிட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றவில்லை. மறுபடி போட்டேன். சுற்றவில்லை. என் வீட்டுக்காரி வாசலில் நின்றுகொண்டு, “அது போன கோடையிலயே நின்னுபோச்சுங்க,” என்றாள். “சொன்னேனே, நீங்கதான் சரி சரின்னீங்க. ஓடுற ஃபேன்ல எந்தக் குளவியாவது கூடு கட்டுமா?”

“அப்ப அன்னிக்கு மாப்பிள்ளைகிட்ட ஏன்டி சொல்லல?”

“வந்த மாப்பிள்ளைகிட்டப் போய் ஃபேன் ரிப்பேர்னு சொல்லச் சொல்றீங்களா? மானம் போகாது? மாமனாருக்குக் கொஞ்சம் கிறுக்குன்னு நினைச்சுக்கிட்டா நினைச்சுக்கட்டும்னு இருந்துட்டேன்.”

ஆகவே சம்பந்தி, மாப்பிள்ளை அந்தச் சுவிட்சைப் போட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. நான் எதையும் காப்பாற்றவில்லை. மேலே எழுதிய விளக்கம் முழுவதும் தள்ளுபடி. அடி மட்டும்தான் மிச்சம். அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், மாப்பிள்ளையிடமும் உங்களிடமும். இதற்கு விளக்கம் கிடையாது.

இன்னொன்று. உங்கள் மருமகள் இதையெல்லாம் கேட்டுவிட்டு, “நீங்க எழுதி, தபால்ல போட்டு, அது போய்ச் சேர்ந்து... நானே கொண்டு போய்க் குடுத்துட்டு அவரையும் ரெண்டு வார்த்தை கேட்டுக்கிறேன்ப்பா,” என்று பெட்டியைத் தூக்கிவிட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது, தாளைப் பிடுங்குகிறாள். எனவே இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்திருக்கிறதென்றால் அவள் உங்கள் வாசலில்தான் நிற்கிறாள். இதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். மேலே இடம் இல்லை. நீங்கள் இவ்வளவையும் மெதுவாகப் படித்து முடிக்கும்வரை பாவம் அந்தப் பெண் வெயிலிலேயே நின்றிருப்பாள். முதலில் கதவைத் திறந்து அவளை உள்ளே கூப்பிடுங்கள்.